வீட்டு ஹாலே பரீட்சை ஹால்! வீட்டிலிருந்து ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு...

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. பொறியியல் முடித்த மகள் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத் தேர்வை ஆரம்பித்துவிட்டாள். இருபது நிமிடம் நன்றாகத்தான் போகிறது. அப்போது கதவு மெல்லத் திறக்கிறது.

“காபி ஆறிடப் போவுது பாப்பா. குடிச்சிட்டு எழுது.”

அம்மாவின் கையில் டம்ளர். மகளின் முகத்தில் திகில். கேமராவில் இரண்டு முகங்கள்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், வீட்டிலிருந்து தேர்வு எழுதும் பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்த ஒரு டம்ளர் காபியால் தேர்வு செல்லாமல் போகலாம். கட்டிய பணம் போகலாம். விண்ணப்பத்தின் கடைசித் தேதியும் கை நழுவிப் போகலாம். மொழியில் தவறு செய்து தோற்றால் அடுத்த முறை படித்துக்கொள்ளலாம். வீட்டைத் தயார் செய்யாமல் தோற்றால் அதைவிட வருத்தம் வேறில்லை.

தேர்வு வீடு தேடி வந்த கதை

கடலூருக்கு ஆங்கிலம் புதிதல்ல. தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனி விலைக்கு வாங்கியது 1690-ல். சிதம்பரத்துக்கு, வீட்டிலிருந்தபடியே படிப்பதும் புதிதல்ல. 1929-ல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியில் பட்டம் வாங்கியவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். ஆனால் படிப்பு தபாலில் வந்தாலும், பரீட்சைக்கு மையத்துக்குத்தான் போக வேண்டும்.

அந்த வழக்கத்தை மாற்றியது கொரோனா. 2020 மார்ச்சில் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது, ‘டோஃபல்’ தேர்வை நடத்தும் இ.டி.எஸ் நிறுவனம் அதை வீட்டிலிருந்தே எழுத வழி செய்தது. முதலிலிருந்தே இணையத்தில் நடந்துவந்த ‘டுவோலிங்கோ இங்கிலீஷ் டெஸ்ட்’டையும் அந்த நேரத்தில் ஏராளமான பல்கலைக்கழகங்கள் ஏற்கத் தொடங்கின. அதே ஆண்டு செப்டம்பரில் நம் ஊர்ப் பொறியியல் மாணவர்களும் இறுதிப் பருவத் தேர்வை வீட்டில் கேமரா முன் உட்கார்ந்து எழுதினார்கள். கொரோனா போய்விட்டது. வீட்டுத் தேர்வு போகவில்லை.

கடலூர், சிதம்பரம் பிள்ளைகளுக்கு இதில் பெரிய லாபம் உண்டு. முன்பெல்லாம் தேர்வு எழுத, முதல் நாளே சென்னைக்கு பஸ் ஏற வேண்டும். சிதம்பரத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல். தங்கும் செலவு, கூட வருபவரின் ஒரு நாள் சம்பளம் என்று கணக்கு நீளும். இப்போது அதெல்லாம் மிச்சம். ஆனால், மையத்தில் மேற்பார்வையாளரும் நிர்வாகமும் பார்த்துக்கொண்ட வேலையை இங்கே குடும்பம் பார்த்துக்கொள்ள வேண்டும். அமைதி, வெளிச்சம், மின்சாரம், இணையம் எல்லாமே வீட்டின் பொறுப்பு.

முதலில் ஒரு கேள்வி: வீட்டுத் தேர்வு செல்லுமா?

அறையைப் பெருக்குவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா நாடும் வீட்டுத் தேர்வை ஏற்பதில்லை. ஆஸ்திரேலிய விசாவுக்கு வீட்டிலிருந்து எழுதிய தேர்வு செல்லாது. பிரிட்டன் விசாவுக்கான ஆங்கிலத் தேர்வையும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் எழுத வேண்டும். பட்டப்படிப்புக்கு மட்டும் சில பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் சொந்த முடிவில் வேறு தேர்வுகளை ஏற்கின்றன. அமெரிக்காவில் மாணவர் விசாவுக்கென்று தனி ஆங்கிலத் தேர்வு கிடையாது. எந்தத் தேர்வு, எத்தனை மதிப்பெண் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும்.

எனவே, ‘பக்கத்து வீட்டு அண்ணன் எழுதினான்’ என்பதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் அந்தத் தேர்வின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். வந்த பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு தேர்வு, இரண்டு விதமான காவல்

டுவோலிங்கோ தேர்வு சுமார் ஒரு மணி நேரம். கட்டணம் ஏறக்குறைய 70 டாலர், நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய் அளவில் வரும். எந்த நாளிலும் எந்த நேரத்திலும் எழுதலாம். எழுதும்போது எதிரில் யாரும் பேச மாட்டார்கள். ஆனால், முழுவதும் பதிவாகும். பிறகு கணினியும் மனிதர்களும் அந்தப் பதிவைப் பார்த்து, விதிமீறல் இல்லை என்றால்தான் மதிப்பெண் தருவார்கள். வழக்கமாக இரண்டு நாளில் முடிவு வந்துவிடும். கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப்பில்தான் எழுத முடியும், செல்போனில் முடியாது. ஆனால், செல்போனைப் பக்கவாட்டில் வைத்து இரண்டாவது கேமராவாகப் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

டோஃபல் வீட்டுத் தேர்வில், எழுதுகிறவரை ஒரு மேற்பார்வையாளர் நேரலையில் பார்த்துக்கொண்டே இருப்பார். தொடங்கும் முன் கேமராவைச் சுழற்றி அறையின் நான்கு பக்கத்தையும், மேசையின் மேற்பரப்பையும் காட்டச் சொல்வார். கண்ணாடியையோ செல்போனையோ பிடித்து, லேப்டாப் திரையின் ஓரங்களைக் காட்டும்படியும் கேட்பது உண்டு. ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பார்க்கத்தான்!

விதிகள் அவ்வப்போது மாறும். பதிவு செய்யும் நாளில் ஒரு முறையும், தேர்வுக்கு முதல் நாள் ஒரு முறையும் அதிகாரபூர்வ தளத்தில் படித்துவிடுங்கள்.

கதவு இருக்கும் அறை

வீட்டுத் தேர்வுகளின் முதல் நிபந்தனை, அறையில் எழுதுபவர் மட்டுமே இருக்க வேண்டும் என்பது. கேட்பதற்கு எளிது. நம் வீடுகளில்தான் அது கஷ்டம். ஹாலில் தாத்தா படுத்திருப்பார். படுக்கையறையில்தான் எல்லோருடைய பீரோவும் இருக்கும். பல வீடுகளில் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவே இருக்காது, திரைச்சீலைதான் தொங்கும்.

கதவு உள்ள அறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். எழுதுபவருக்குப் பின்னால் கதவு தெரியும்படி மேசையைப் போட்டால், யாரும் உள்ளே வரவில்லை என்பது கேமராவுக்கே விளங்கும். டோஃபல் தேர்வில் இது விதியாகவே இருந்து வந்திருக்கிறது.

கதவே இல்லையென்றால், வீடு முழுவதையும் ஓர் அறையாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நேரத்துக்கு மற்ற எல்லோரும் வெளியே. தாத்தா, பாட்டி பக்கத்து வீட்டுத் திண்ணையில். அப்பா வாசலில் காவல். தம்பி, தங்கைகள் சில்வர் பீச்சுக்கோ, சிதம்பரத்துக்காரர்கள் என்றால் கோயில் பிரகாரத்துக்கோ ஒரு நடை. அதுவும் முடியாதென்றால் தனி அறை உள்ள உறவினர் வீடு நல்லது. பிரவுசிங் சென்டர், நூலகம், டீக்கடை வைஃபை போன்ற பொது இடங்கள் சரிப்படாது. அண்ணாமலை நகரில் விடுதியில் இருப்பவர்கள் அறைத் தோழர்களிடம் முன்கூட்டியே சொல்லி, வெளியிலிருந்து யாரும் தட்டாதபடி கதவில் ஒரு தாள் ஒட்டிவிடலாம்.

மேசை, சுவர், வெளிச்சம்

* மேசையும் நாற்காலியும் கட்டாயம். கட்டிலில் சாய்ந்தோ, பாயில் உட்கார்ந்தோ எழுதக் கூடாது. படிக்கும் மேசை இல்லாதவர்கள் தையல் மெஷின் மேசையை மூடிப் பயன்படுத்தலாம். ஆட்டம் இருந்தால் காலுக்கடியில் அட்டை மடித்து வையுங்கள்.

* மேசை மேல் லேப்டாப்பும் அடையாள அட்டையும் போதும். பாஸ்போர்ட் இருந்தால் அதுவே நல்லது. புத்தகம், நோட்டு, கால்குலேட்டர், தண்ணீர் பாட்டில் எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். டுவோலிங்கோவில் குறிப்பு எடுக்கவே கூடாது. டோஃபலில் வெறும் காகிதம் கூடாது, அழித்து எழுதும் சின்ன வெள்ளைப் பலகை போன்றவையே அனுமதி.

* சுவரில் சாமி படம் இருக்கலாம். நாள்காட்டி, உலக வரைபடம், தம்பியின் ஆங்கில இலக்கண சார்ட் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். எழுத்து உள்ள எதுவும் கண்ணுக்கு எதிரில் இருப்பது வீண் சந்தேகம்.

* பீரோ கண்ணாடியில் வேறு ஆள் நடப்பது தெரிந்தாலும் வம்பு. ஒரு புடவையைப் போட்டு மூடிவிடலாம். டி.வி. அந்த அறையில் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

* ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். டியூப் லைட்டுக்கு எதிராக மேசையைத் திருப்பிப் போட்டாலே பாதிப் பிரச்னை தீரும்.

* காது தெரிய வேண்டும். தலைமுடியைப் பின்னால் வாரிக் கட்டுங்கள். பெரிய கம்மல், பூ, ஹெட்பேண்ட் வேண்டாம். டுவோலிங்கோவில் இயர்போனும் ஹெட்போனும் கூடாது. தலையை மறைத்து உடுத்தும் பெண்கள், அதற்கான விதி என்ன என்பதை முன்பே பார்த்துவிடுவது நிம்மதி.

குக்கர், மின்விசிறி, மீன்காரர்

இந்தத் தேர்வுகளில் காதால் கேட்டு எழுதுவதும், வாயால் பேசிப் பதிவு செய்வதும் உண்டு. அதனால் சத்தம்தான் பெரிய எதிரி. குக்கர் விசில், மிக்ஸி, மோட்டார், காலிங் பெல், வாசலில் “மீனு... மீனு...” என்று வரும் குரல் எல்லாமே மைக்கில் ஏறும். பின்னணியில் வேறு யாருடைய பேச்சாவது கேட்டால், யாரோ பதில் சொல்லித் தருகிறார்கள் என்றுகூட எண்ணப்படலாம்.

சமையலை முன்பே முடித்துவிடுங்கள். காலிங் பெல் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் வரும் நாளாக இருந்தால் தேர்வை வேறு நாளுக்கு வையுங்கள். உறவினர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், “இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை யாரும் போன் செய்ய வேண்டாம்” என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

மின்விசிறி ஒரு தனிச் சிக்கல். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. ‘கடகட’ விசிறியை வைத்துக்கொண்டு பேசவும் முடியாது. வேகத்தைக் குறைத்து வைத்து, லேப்டாப்பில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். குரல் தெளிவாக இருக்கிறதென்றால் அதே வேகத்தில் விட்டுவிடலாம்.

கரண்ட்டும் இணையமும்

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாள், துணை மின் நிலைய வாரியாக நாளிதழ்களில் வரும். பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்துப் பிற்பகல் வரை நீளும். தேர்வு நாளைக் குறிக்கும் முன் இதைப் பார்க்க மறக்காதீர்கள்.

லேப்டாப் பேட்டரி முழுதாக இருந்தாலும், கரண்ட் போனால் வைஃபை ரவுட்டர் அணைந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ரவுட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. முழு வீட்டு இன்வெர்ட்டரின் விலையோடு பார்த்தால் அது மிகச் சொற்பம். செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்புவதைவிட இது மேல். நடுவில் இணைப்பு மாறினால் தேர்வு துண்டிக்கப்படக் கூடும்.

வீட்டில் மற்றவர்கள் அந்த நேரத்தில் யூடியூப் பார்க்க வேண்டாம். பக்கவாட்டில் வைக்கும் செல்போனில் அழைப்பு வராதபடி ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போட்டு, சார்ஜரில் செருகிவிடுங்கள். லேப்டாப்பில் தூரத்திலிருந்து இயக்கும் ‘எனிடெஸ்க்’, ‘டீம்வியூவர்’ போன்ற செயலிகள் இருந்தால் முன்பே நீக்கிவிடுவது நல்லது. விண்டோஸ் அப்டேட்டையும் முதல் நாளே முடித்துவிடுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்?

வெளியூர் வழிகாட்டிகள் சொல்லாத விஷயம் இது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பர், ஜனவரியில் விண்ணப்பத்தின் கடைசித் தேதி வரும். கடைசி நேரத்தில் எழுதலாம் என்று காத்திருந்தால், அது சரியாக நம் வடகிழக்குப் பருவமழையில் வந்து நிற்கும்.

2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயலைக் கடலூர் மறக்காது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2015 நவம்பரில் வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல், அதன் பின்னாலேயே தென்பெண்ணையாற்று வெள்ளம். புயல் வேண்டாம், சாதாரண மழையே போதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மைக்கில் என்ன ஏறும்?

மற்ற மாதங்களிலும் நம் ஊருக்கென்று ஒரு நாள்காட்டி இருக்கிறது. ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. தீபாவளி வாரத்தில் வெடி. மார்கழி என்றால் விடியற்காலையிலேயே பாட்டு. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் தேரோடும் நாட்களில், நான்கு வீதிகளிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் அமைதியை எதிர்பார்க்கவே கூடாது. அது ஊரின் கொண்டாட்டம். தேர்வைத்தான் நாம் நகர்த்தி வைக்க வேண்டும்.

ஆடி முடிந்து, மழை தொடங்குவதற்கு முன்னுள்ள ஆவணி, புரட்டாசி வாரங்கள் பரவாயில்லை. விநாயகர் சதுர்த்தியை மட்டும் தள்ளிவிடுங்கள். அப்போது எழுதினால், மதிப்பெண் போதவில்லை என்றாலும் இன்னொரு முறை எழுத நேரம் இருக்கும். இந்த மதிப்பெண்கள் இரண்டு வருடம் செல்லும் என்பதால் முன்கூட்டி எழுதுவதில் நஷ்டமில்லை.

நாளில் எந்த நேரம்? ஒரு வாரம் வீட்டைக் கவனித்துக் குறித்து வையுங்கள். சில தெருக்களில் இரவு பத்து மணிக்கு மேல் அமைதி. சில தெருக்களில் அதற்கு மேல்தான் நாய்கள் ஆரம்பிக்கும். மதியம் இரண்டரை மணிக்கு ஊரே உறங்கும் தெருக்களும் உண்டு. உங்கள் தெருவின் அமைதி எப்போது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கண்ணும் வாயும்

யோசிக்கும்போது மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பது நம்மில் பலருக்கும் பழக்கம். முணுமுணுத்தபடி படிப்பதும் அப்படித்தான். வகுப்பில் இவற்றை யாரும் குற்றமாகச் சொல்ல மாட்டார்கள். கேமரா முன்னால், திரையை விட்டுக் கண் அடிக்கடி விலகினால், வேறெங்கோ பார்த்து எழுதுவதாகத் தோன்றும். உதடு அசைந்தால், யாரிடமோ பேசுவதாகத் தோன்றும்.

இதற்கு ஒரே மருந்து ஒத்திகை. தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு, அதே அறை, அதே நாற்காலி, அதே நேரம். டுவோலிங்கோ தளத்தில் இலவசப் பயிற்சித் தேர்வு இருக்கிறது. அதை எழுதும்போது செல்போனில் உங்களையே படம் எடுத்து, பிறகு போட்டுப் பாருங்கள். எத்தனை முறை விசிறியைப் பார்த்தீர்கள் என்று எண்ணினால் உங்களுக்கே சிரிப்பு வரும். இரண்டாவது ஒத்திகையில் அது பாதியாகக் குறைந்துவிடும்.

ஒத்திகையில் குடும்பமும் கலந்துகொள்ள வேண்டும். பாட்டி எங்கே உட்காருவார், வாசலுக்கு யார் பொறுப்பு, கரண்ட் போனால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

“நாங்க எழுதித் தர்றோம்” என்பவர்களிடம் ஜாக்கிரதை

பணம் கொடுத்தால் ஆளை வைத்து எழுதித் தருகிறோம், லேப்டாப்பை இங்கிருந்தே இயக்கிக்கொள்கிறோம் என்று யாராவது வந்தால், பேச்சை அங்கேயே முறித்துவிடுங்கள். முகம், குரல், திரை எல்லாம் பதிவாகிறது. முடிவு வந்த பிறகும் மதிப்பெண் ரத்தாகலாம், மறுபடி எழுத முடியாமலும் போகலாம். பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்தால் இடமும் போகும். மதிப்பெண் கொஞ்சம் குறைந்தால் அடுத்த முறை கூட்டிக்கொள்ளலாம். கெட்ட பெயரைத் துடைப்பது அவ்வளவு எளிதல்ல.

முடியவே இல்லையென்றால்...

எவ்வளவு முயன்றும் வீட்டில் ஒரு மணி நேர அமைதி கிடைக்காது என்று தோன்றினால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனி அறையும் தடையில்லாத மின்சாரமும் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை. எல்லா வீடும் அப்படி இருப்பதில்லை. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வுகளைச் சென்னை போன்ற நகரங்களின் மையங்களில் எழுதலாம். பஸ் செலவைச் சேர்த்துப் பார்த்தாலும், வீட்டில் எழுதி ரத்தாகிப் போவதைவிட அது மலிவு.

வீட்டில் முடியும் என்றால், அந்த மஞ்சக்குப்பம் வீட்டு அம்மாவைப் போலக் காபியோடு கதவைத் திறக்காதீர்கள். கையில் டம்ளரோடு வாசலில் காத்திருங்கள். உள்ளிருந்து “முடிஞ்சிடுச்சும்மா!” என்று குரல் வரும். காபி ஆறியிருக்கும். சுட வைத்துக் கொடுத்துக்கொள்ளலாம்.